நான்கு சிலிண்டர்தான்

2007ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சித்தூரில் ஓர் இன்டர்நெட் சென்டரின் மூலையில் உட்கார்ந்து கல்பனா ஆறு வரி எழுதினாள். அந்த ஆறு வரியை அழிக்கச் சொல்லி பெங்களூரிலிருந்து உத்தரவு வந்தது. சொந்த அண்ணன் வந்து கெஞ்சினான். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கல்பனா அழிக்கவில்லை. அவள் அப்படிப்பட்ட ஆள் என்பது குடுபல்லியில் எல்லோருக்கும் தெரியும். பெங்களூர்க்காரர்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது குடுபல்லி. அங்கே கல்பனாவின் அப்பா ரங்கன் பாதி வாழ்க்கையை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போயே கழித்தவர். அரசாங்கம் கொடுத்த இரண்டு ஏக்கர் கல்லாங்குத்து நிலம் கைக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயது. அந்த நிலத்துக்குத் தண்ணீர் இறைக்க ஒரு பழைய டீசல் எஞ்சின் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அது நின்றுவிடும். குப்பத்திலிருந்து மெக்கானிக் வந்து சேர மூன்று நாள் ஆகும். அதற்குள் நாற்று வாடிப்போகும்.

கல்பனாவுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டு, "நைனா, இன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள இது நின்னுபூடும்" என்றாள். ரங்கன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு மணிக்கு எஞ்சின் நின்றது. அடுத்த தடவையும் சொன்னாள். அப்போதும் நின்றது. மூன்றாவது தடவை ரங்கனே வந்து கேட்டார். "எப்படி மா சொல்ற?"

"அது தட்டுறது மாறுது நைனா. ஒழுங்கா தட்டிக்கினே வந்து, நடுவுல ஒண்ண முழுங்குது."

பம்புக்குப் போகும் டீசல் குழாயில் காற்று நுழைவதுதான் அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் என்று அவளே பிறகு கண்டுபிடித்தாள். குழாயின் மூட்டை இறுக்கினாள். அதன்பின் குப்பத்து மெக்கானிக்குக்கு அந்தப் பக்கம் வேலை குறைந்துபோயிற்று.

1994இல் அவள் திருப்பதிக்கு பாலிடெக்னிக் படிக்கப் போனாள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பர்கள் தினமும் எழுதிக்கொண்டிருந்த காலம். குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் நிற்க இடம் கிடையாது. கட்டட வேலைக்குப் போகிறவர்களும் தையல் கம்பெனிக்குப் போகிறவர்களும் கதவோரம் தொங்கிக்கொண்டு போவார்கள். படிக்கிற பெண்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடினார்கள். கல்பனா ஆட்டோமொபைல் பிரிவில் பேர் கொடுத்தாள். நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண்.

லெக்சரர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் கேட்டார். "எந்துக்கம்மா நீக்கு ஈ கிரீஸ் பனி?" உனக்கு எதற்கம்மா இந்த கிரீஸ் வேலை என்று பொருள்.

"நாக்கு இஷ்டம் சார்" என்றாள் கல்பனா. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மூன்று நாள் கழித்துத் திரும்பக் கேட்டார். அதே இரண்டு வார்த்தை. அதன்பின் அவர் கேட்கவில்லை.

ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் தபீதாள். சித்தூர் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியரின் மகள். கம்ப்யூட்டர் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தபீதாள் ஆலயத்துக்குப் புறப்படும்போது, கல்பனா ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்க்காமலே பேர் சொல்லிக்கொண்டிருப்பாள். தபீதாள் எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பாள். "ஏன்டி, நீ படிக்க வந்தியா, இல்ல வித்தை காட்ட வந்தியா?" என்பாள்.

படிப்பு முடிந்து வேலை கேட்டுப் போன ஒர்க்ஷாப்புகளில் எல்லாம், பில் எழுதும் மேஜைதான் காலியாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் திருப்பதியில் ஓரிடத்தில் அந்த மேஜையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு மாதம் உட்கார்ந்தாள். மூன்றாம் மாதம் பில் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள். முதலாளி கத்தினார். அவள் அடியிலிருந்தபடியே, "அந்தப் பன்னெண்டு நம்பர் ஸ்பேனர் குடுங்க சார்" என்றாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடுத்துவிட்டார்.

2002இல் சித்தூருக்கு வெளியே, பெங்களூர் ரோட்டில், கல்பனா சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டாள். பெங்களூரிலிருந்து திருமலைக்குப் போகிற வண்டிகளெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். புது வண்டி வாங்கிய கையோடு சாமிக்குக் காட்டப் போகிறவர்கள், பலமனேர் தாண்டி மொகிலி மலை இறங்கும்போது பிரேக்கைச் சூடாக்கிவிட்டு அவள் கொட்டகை முன்னால்தான் வந்து நிற்பார்கள். இறங்கியதும், "மெக்கானிக் எங்கேம்மா?" என்பார்கள். கல்பனா பானெட்டைத் திறப்பாள்.

அந்த வருடம்தான் சாந்திபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் நல்ல பையன், வாத்தியார் வேலை. பையனின் அம்மா கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் 'கல்பனா ஆட்டோ ஒர்க்ஸ்' என்ற போர்டை மட்டும் இறக்கிவிட்டால் போதும் என்றார். கல்பனாவின் அம்மா பொன்னியம்மா பதறிப்போய் மகள் முகத்தைப் பார்த்தாள். கல்பனா அந்த அம்மாவுக்கு இன்னொரு டம்ளர் காபி ஊற்றிக் கொடுத்து, "போர்டு இருக்கும்மா" என்றாள். சம்பந்தம் போயிற்று. போர்டு இருந்தது.

அதற்குள் தபீதாள் சித்தூர் காந்தி ரோட்டில் ஓர் இன்டர்நெட் சென்டர் திறந்திருந்தாள். கல்பனா சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு அங்கே போவாள். அங்கேதான் அவளுக்கு அந்த மன்றம் பழக்கமாயிற்று. கார் பைத்தியம் பிடித்தவர்கள் ஒன்றுகூடி எழுதும் இணையதளம் அது. பெங்களூர், ஹைதராபாத், சென்னை, அமெரிக்கா என்று எங்கெங்கோ இருந்து எழுதுவார்கள். எல்லோரும் பெரிய வேலையில் இருப்பவர்கள். ஒரு கார் விற்பனைக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே அதன் எஞ்சின் எப்படி இருக்கும், எத்தனை குதிரைசக்தி, எத்தனை சிலிண்டர் என்று பக்கம் பக்கமாக ஊகம் செய்வார்கள். கம்பெனி வாயே திறக்காது. இவர்கள் மூடவே மாட்டார்கள்.

கல்பனாவுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் இருந்தது. விற்பனைக்கு வந்த காரைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதை ஓட்டியிருக்க வேண்டும், வாங்கியிருக்க வேண்டும். யாருமே பார்க்காத எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு பெங்களூர்க்காரனுக்கும் குடுபல்லிக்காரிக்கும் ஒரே தகுதிதான். கண்ணும் காதும் இருந்தால் போதும்.

அவள் தமிழிலும் தெலுங்கிலும் கலந்து சொல்வாள். தபீதாள் அதை இங்கிலீஷில் தட்டுவாள். வேறு பேர் வைத்துக்கொள் என்று தபீதாள் சொன்னதற்கு, "என் பேர் நல்லாத்தானே கீது" என்றுவிட்டாள். 'கல்பனா, மெக்கானிக், சித்தூர்' என்றே எழுதினாள்.

2007 தொடக்கத்தில் மன்றம் முழுக்க ஒரே பேச்சு, ட்ராவன். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் ஆடம்பர செடான். நான்கு பேர் சொகுசாக உட்காரலாம், ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தால் பந்தயக் காராக மாறிவிடும் என்ற பேர் அதற்கு. புது ட்ராவன் வரப்போகிறது. பழையதில் ஆறு சிலிண்டர் எஞ்சின். புதியதில் எஞ்சின் இன்னும் பெரிதாகும், ஆறு எட்டாகும் என்று ஊகம் பறந்தது. எட்டுக்காகக் கொடி பிடித்தவர்களில் முதல் ஆள் கிரண்குமார். மதனப்பள்ளிக்காரன், பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனி ஒன்றில் பெரிய பதவி. மன்றத்தில் அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

மே மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், மொகிலி மலையில் ஒரு டெம்போ நின்றுவிட்டது என்று போன் வந்தது. கல்பனா ஸ்கூட்டரில் போனாள். டெம்போவின் ரேடியேட்டர் குழாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து இரண்டு கார்கள் ஏறி வந்தன. உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளை டேப் ஒட்டி, என்ன வண்டி என்றே தெரியாதபடி மூடியிருந்தார்கள். ஆனால் கதவின் வளைவும் பின்பக்கத்து உயரமும் ட்ராவன் என்று காட்டிக்கொடுத்தன. சோதனை ஓட்டம்.

கல்பனா ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

முதலில் சத்தம். ஆறு சிலிண்டர் எஞ்சின் மலை ஏறும்போது துணி கிழிக்கிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். இதில் அந்தச் சீர் இல்லை. அடியில் ஒரு முரட்டு முனகல் இருந்தது. டீசல் வண்டியின் தட்டலும் இல்லை. அதற்கு மேலே மெல்லிய விசில். வளைவில் டிரைவர் காலை எடுத்ததும் 'புஸ்' என்று காற்று விட்டது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிற டர்போ. கார்கள் அவளைத் தாண்டும்போது பார்த்தாள். உடம்பெல்லாம் டேப் ஒட்டியிருந்தவர்கள் முன் பம்பரின் அடியில் ஒரு வாயை மட்டும் திறந்தே விட்டிருந்தார்கள். உள்ளே காற்றைக் குளிரவைக்கும் பெட்டி இருந்தால்தான் அந்த வாய் தேவை. முன் சக்கரத்துக்கு மேல் வண்டி இரண்டு விரல் கூடுதலாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பழைய ஸ்பிரிங்கின் மேல் எடை குறைந்த எஞ்சின் உட்கார்ந்தால் அப்படித்தான் தூக்கும்.

மேலே திருப்பத்தில் இரண்டு காரும் நின்றன. ஆட்கள் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஆனால் எஞ்சினை உடனே அணைக்கவில்லை. இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அப்புறம்தான் அணைத்தார்கள். மலை ஏறிச் சூடான டர்போவை ஆறவைக்கிறார்கள். கல்பனாவுக்கு அதோடு சந்தேகமே போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவள் சொல்லச் சொல்ல தபீதாள் ஆறு வரி தட்டினாள். புது ட்ராவனில் எட்டு சிலிண்டர் கிடையாது, ஆறும் கிடையாது. நான்கு சிலிண்டர்தான், பெட்ரோல், டர்போ வைத்தது. மொகிலி மலையில் பார்த்தேன், கேட்டேன். காரணங்கள் இவை. கீழே பேரும் ஊரும்.

"கடைசியா ஒருதரம் கேக்கிறேன். அனுப்பட்டுமா?" என்றாள் தபீதாள்.

"அனுப்பு."

மறுநாள் மதியத்துக்குள் இருநூறு பதில். நான்கு சிலிண்டரா, அது டாக்ஸிக்குப் போடுகிற எஞ்சின் ஆயிற்றே என்றார்கள். பஞ்சர் ஒட்டுகிறவள் பந்தயக் காரைப் பற்றிப் பேச வந்துவிட்டாள் என்றார்கள். கிரண்குமார் மட்டும் மரியாதையாக எழுதினான்: 'சித்தூர் மேடம் ஏதோ வாடகை வண்டியைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். பாவம், விட்டுவிடுங்கள்.' அந்தப் 'பாவம்'தான் கல்பனாவைச் சுட்டது. 'பாவம் பார்க்க வேண்டாம். கார் வரட்டும், பார்ப்போம்' என்று பதில் அனுப்பச் சொன்னாள்.

இது இதோடு போயிருக்கும். ஆனால் அண்ணன் சிரஞ்சீவி பெங்களூரில் ட்ராவன் கம்பெனியின் டீலரிடம் டிரைவராக இருந்தான். பத்து வருடத்துக்கு முன்னால் அதே காலை ரயிலில் தொங்கிக்கொண்டு போனவன், கட்டட வேலையில் தொடங்கி, லைசென்ஸ் எடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுப் பெரிய கார் ஓட்டும் இடத்துக்கு வந்திருந்தான். சோதனைக் கார்களைச் சில நாள் அந்த டீலரின் ஷெட்டில்தான் பூட்டி வைத்திருந்தார்கள். வெளியே சொல்லமாட்டேன் என்று டிரைவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிரஞ்சீவி சித்தூருக்கு வந்து சேர்ந்தான். கொட்டகையில் ஒரு டயர் மேல் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நீ எழுதினத பிரிண்ட் எடுத்து டேபிள் மேல வெச்சிக்கினு கீறாங்க கல்பனா. உன் பேரு, ஊரு, எல்லாம் கீது. நீ என் தங்கச்சினு எவனோ சொல்லிட்டான். நான்தான் சொல்லிக் குடுத்தேன்றாங்க."

"நீ சொல்லலையே அண்ணா."

"சொல்லல. அம்மா மேல சத்தியமா சொல்லல. ஆனா யாரு நம்புவாங்க? அத அழிச்சிடு. தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி போட்டுடு. முடிஞ்சிபூடும்."

கல்பனா கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நான் எழுதினது தப்பா அண்ணா? நீதான் அந்த வண்டியப் பாத்தவனாச்சே. சொல்லு."

சிரஞ்சீவி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். தரையைப் பார்த்தபடி, "அத நான் சொல்லக்கூடாது" என்றான்.

கூடப் பிறந்தவளிடம்கூட வாயைத் திறக்காத இவனைப் போய்ச் சந்தேகப்படுகிறார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"நான் அழிக்கமாட்டேன்."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது கல்பனா!"

"அதுக்காகத்தான் சொல்றேன். இன்னிக்கி நான் அழிச்சா இன்னா ஆவும்? அண்ணன் சொன்னான், தங்கச்சி எழுதினா, மாட்டிக்கினதும் அழிச்சிட்டானு ஆவும். நீ திருடன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

"உனக்கு உன் வீம்புதான் பெருசு" என்று எழுந்தான் சிரஞ்சீவி. அவள் போட்டு வைத்த டீயைக் குடிக்கவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டான்.

அடுத்த வாரம் அவனை வேலைக்கு வர வேண்டாம், விசாரணை முடியட்டும் என்று நிறுத்திவைத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பொன்னியம்மா குடுபல்லியிலிருந்து போன் போட்டு அழுதாள். "நீ எழுதி இன்னா சாதிச்ச? உன்னால அவன் வீட்டுல கீறான்." கல்பனா போனை வைத்தாள். அண்ணன் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது என்பது அவளுக்கே தெரிந்தது. வீம்பும் இருந்தது. ஆனால் சத்தமும் விசிலும் தூக்கிக்கொண்டிருந்த முன்பக்கமும் உண்மைதானே? பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படி எழுதுவது? இரண்டு நாள் வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கொட்டகையைப் பூட்டிவிட்டு தபீதாளைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினாள்.

டீலரின் மேலாளர் நாகேந்திரன் கோலார் தங்கவயல் தமிழர். ஐம்பது வயது, ஒரு காலத்தில் தானும் மெக்கானிக்காக இருந்தவர். கண்ணாடி அறைக்குள் இரண்டு பெண்களையும் உட்காரச் சொன்னார். கல்பனா உட்காரவில்லை.

"எங்க அண்ணன் எதுவும் சொல்லல சார். நான் காதால கேட்டு எழுதினது."

நாகேந்திரன் சிரிக்கவில்லை என்றாலும் நம்பவும் இல்லை. "மலையில் ரெண்டு நிமிஷம் கேட்டு இவ்வளவும் சொன்னீங்களா? எங்க சர்வீஸ் ஆளுங்களே சொல்லமாட்டாங்கம்மா."

"அவங்க கம்ப்யூட்டர மாட்டிப் பாப்பாங்க சார். எங்கிட்ட கம்ப்யூட்டர் இல்ல. உங்க யார்டுல எத்தன வண்டி கீது? என்ன திரும்பி உக்கார வெச்சி ஒவ்வொண்ணா ஸ்டார்ட் பண்ணுங்க. நான் சொல்லலைன்னா எங்க அண்ணன் திருடன், நான் பொய்க்காரினு நானே எழுதித் தரேன்."

தபீதாள் அவள் கையைக் கிள்ளினாள். கல்பனா கண்டுகொள்ளவில்லை.

யார்டில் ஒரு நாற்காலி போட்டார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சர்வீஸ் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். சிரஞ்சீவியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் கேட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முதல் வண்டி. "நாலு சிலிண்டர், டீசல், டர்போ" என்றாள். சரி. இரண்டாவது. "நாலு, பெட்ரோல். டர்போ இல்ல. ஏ.சி. ஓடிக்கினு கீது." சரி. மூன்றாவதற்கு, "இதுதான் பழைய ட்ராவன், ஆறு" என்றாள், யோசிக்காமல். கூட்டத்தில் ஒருவன் கை தட்டினான். நாகேந்திரன் அவனை முறைத்தார்.

நான்காவது வண்டி ஸ்டார்ட் ஆனதும் கல்பனா தலையைச் சாய்த்தாள். "திருப்பி முறுக்குங்க" என்றாள். முறுக்கினார்கள். "இதுவும் ஆறுதான். ஆனா அஞ்சுதான் வேல செய்யுது. ஒண்ணு செத்துக் கெடக்குது. ஸ்பார்க் வரல."

சர்வீஸ் தலைவர், "அது புது வண்டி மேடம். நாளைக்கு டெலிவரி" என்றார்.

"நாளைக்கு டெலிவரி குடுத்தா நாளை மறுநாள் திரும்பி வரும் சார்."

பானெட்டைத் திறந்து கம்ப்யூட்டரை மாட்டினார்கள். நான்காவது சிலிண்டருக்கு ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயில் வேலை செய்யவில்லை.

ஐந்தாவது வண்டியை ஒரு மூலையிலிருந்து கொண்டுவந்தார்கள். அதைக் கல்பனா இன்னும் இரண்டு தடவை முறுக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எழுந்து திரும்பினாள். "இது எனக்குத் தெரியல சார். எட்டா இருக்கலாம். எட்டு சிலிண்டர் நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. கேட்காதத சொல்லமாட்டேன்."

எட்டுதான் அது. யாரோ ஒரு கட்டட கான்ட்ராக்டரின் வண்டி, சர்வீசுக்கு வந்தது. நாகேந்திரன் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். முதல் நான்கு பதிலை விட இந்த ஐந்தாவது பதில்தான் அவரை நம்பவைத்தது என்று பின்னால் சிரஞ்சீவியிடம் சொன்னாராம்.

"உங்க அண்ணன் மேல தப்பில்ல. நாளைக்கே வேலைக்கு வரட்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த ஆறு வரிய எடுத்துடுங்கம்மா. பெரிய எஞ்சின் வரும்னு காத்துக்கினு இருந்த கஸ்டமர்ஸ் எல்லாம் போன் பண்றாங்க. மேலிடத்துல எனக்குத் தலைவலி."

"நான் எழுதினது பொய்யினு நீங்க எழுதுங்க சார். என் பேருக்குக் கீழ, உங்க பேரப் போட்டு. எழுதுவீங்களா?"

அப்படி எழுத அவரால் முடியாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது.

"அப்ப அது அங்கியே இருக்கட்டும்" என்றாள் கல்பனா.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சிரஞ்சீவி கூட வந்தான். அவள் பஸ் ஏறும்போது, "நீ ஜெயிச்சிட்ட. பதினோரு நாள் நான் வீட்டுல எம் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க முடியாம உக்காந்துகினு இருந்தேன். அது உனக்குத் தெரியாது" என்றான்.

"தெரியும் அண்ணா."

"தெரிஞ்சும் அழிக்கல இல்ல?"

"அழிக்கல."

அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். மறுநாள் வேலைக்குப் போனான். ஆனால் ஐந்து மாதம் அவளுக்கு போன் பண்ணவில்லை. தீபாவளிக்குக் குடுபல்லி வந்தபோதுதான், எதுவும் நடக்காதது போல, "கறி எடுத்துக்கினு வந்தேன், சீக்கிரம் வா, துன்னலாம்" என்று கூப்பிட்டான். கல்பனா ஓடினாள்.

மன்றத்தில் ஏச்சு நிற்கவே இல்லை. மாதக்கணக்கில் யாராவது ஒருவன் அந்த ஆறு வரியைத் தோண்டி எடுத்துப் போட்டுச் சிரிப்பான். கொட்டகைக்கு வருகிற பெங்களூர் வண்டிக்காரர்கள் சிலர் போர்டைப் பார்த்துவிட்டு, "அந்த நாலு சிலிண்டர் அம்மா நீங்கதானா?" என்று கேட்டார்கள். "நான்தான். வண்டிக்கு இன்னா ஆச்சி?" என்பாள்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் ட்ராவன் வெளியானது. அன்று மதியம் தபீதாள் கடையிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் வெளியீட்டு விழாவைக் காட்டும் பக்கம்தான். முதலில் விளக்கு, அப்புறம் சீட், அப்புறம் பாட்டுப் பெட்டி என்று கம்பெனிக்காரர் இழுத்துக்கொண்டே போனார். கடைசியில் எஞ்சின். நான்கு சிலிண்டர். பெட்ரோல். டர்போ. பழைய ஆறை விட இருபது குதிரைசக்தி அதிகம், பெட்ரோல் குடிப்பது குறைவு.

தபீதாள் நாற்காலியிலிருந்து குதித்து, "ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள். டிக்கெட் புக் பண்ண வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்பனா அசையவில்லை. இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. விலை கூடின மாடலில் மட்டும் ஆறு சிலிண்டர் தொடரும் என்று திரையில் வந்தது.

"போச்சி. ஆறு கிடையாதுனு எழுதியிருந்தேனே" என்றாள்.

"ஏன்டி, அத யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாத்தேனே. தட்டு. நாலுன்னு சொன்னது சரி, ஆறு அடியோட போவும்னு சொன்னது தப்பு. மலையில ரெண்டு வண்டியத்தான் கேட்டேன். கேட்காத வண்டிக்கும் சேத்து சொல்லிட்டேன். அது என் தப்பு. பேரு போடு."

அந்த ஒரு பதிலுக்குப் பிறகு மன்றத்தில் காற்று மாறியது. முன்பு சிரித்தவர்களில் பாதிப்பேர், நான்கு வரும் என்று தாங்களும் அப்போதே நினைத்ததாக எழுத ஆரம்பித்தார்கள். கல்பனா அவர்களுடைய பழைய பதில்களைத் தேதியோடு எடுத்து ஒவ்வொருவர் பேருக்குக் கீழும் போடச் சொன்னாள். தபீதாளுக்கு அதற்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது.

2009 டிசம்பரில் மன்றத்துக்காரர்கள் பெங்களூரில் ஒரு ஹோட்டலில் கூடினார்கள். கல்பனாவையும் அழைத்தார்கள். நூறு பேருக்கு மேல் இருந்த கூடத்தில் பெண்கள் மூன்று பேர். கல்பனா பருத்திப் புடவை கட்டி, நகக்கண்ணில் போகாத கறையோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கிரண்குமார் அவளைத் தேடி வந்தான். மன்றத்தில் எழுதுவதை வைத்து அவள் நினைத்திருந்ததை விட இளையவன், குள்ளம், கண்ணாடி போட்டவன். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் மேடையில் மைக்கைப் பிடித்து, "இனி வரப்போகிற ஆடம்பர செடான்களில் என்ன எஞ்சின் வரும்னு நம்ம சித்தூர் மேடம் சொல்லட்டும்" என்று மைக்கை அவளிடம் நீட்டினான். கூடம் சிரித்தது. சிரிப்பில் கொஞ்சம் கேலியும் இருந்தது.

கல்பனா எழுந்து நின்றாள். அவளுக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. அதனால் சத்தமாகப் பேசினாள்.

"மூணு" என்றாள்.

"என்ன மூணு?"

"மூணு சிலிண்டர். இன்னும் பத்து வருஷத்துக்குள்ள, இந்த மாதிரி பெரிய பேரு வெச்ச கார்லகூட மூணு சிலிண்டர் போடுவாங்க. டர்போ நல்லாயிட்டே வருது. பெட்ரோல் குறைஞ்சிக்கினே போவுது. அவங்களுக்கு வேற வழியில்ல."

கூடம் கைதட்டிச் சிரித்தது. பின்வரிசையில் எவனோ ஆட்டோரிக்ஷா மாதிரி சத்தம் எழுப்பினான். கிரண்குமாரும் சிரித்துவிட்டான். "மேடம், மூணு சிலிண்டர் உதறும். கோடி ரூபாய் குடுத்தவன் அந்த உதறலத் தாங்குவானா?"

"உதறாம இருக்க எதிர்ப்பக்கம் எடை வெச்சிச் சுத்த விடுவாங்க. எப்படின்னு வேணும்னா பேப்பர் குடுங்க, வரைஞ்சி காட்றேன்."

யாரோ ஹோட்டலின் மெனு அட்டையை நீட்டினார்கள். கல்பனா மேஜையில் குனிந்து, பின்பக்கத்தில் வரையத் தொடங்கினாள். சுற்றி நின்றவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். வரைந்து முடித்ததும் கீழே தன் பேரையும் அன்றைய தேதியையும் போட்டுக் கிரண்குமார் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வெச்சிக்கோங்க. தப்பாப் போனா நானே வந்து கிழிக்கிறேன்" என்றாள்.